'திருமண இயல்பிலான உறவு': ஒரு சட்டத் தொடர் கடந்து வந்த வழி

டேராடூனில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தோழி ஒருவர் சில வாரங்களுக்கு முன் என்னிடம் ஓர் ஐயம் கேட்டார். அவரும் வேற்று மதத்தவரான அவருடைய நண்பரும் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். உத்தராகண்டில் 2025 ஜனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டத்தின்படி, சேர்ந்து வாழ்வோர் தம் உறவைப் பதிவு செய்தாக வேண்டும். அது தங்களுக்கும் பொருந்துமா என்பதே கேள்வி. "மொழியியல் படித்திருக்கிறாயே, வரையறையைப் படித்துப் பொருள் சொல்" என்றார்.

படித்தேன். ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பகிர்ந்துகொண்ட இல்லத்தில், திருமண இயல்பிலான உறவின் வழியே உடன்வாழ்வது என்பது அவ்வரையறையின் சாரம். 'பகிர்ந்துகொண்ட இல்லம்', 'திருமண இயல்பிலான உறவு' ஆகிய இரண்டுமே எனக்குப் பழகிய தொடர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பயன்படுத்தியவை அவை. மணம் புரியாமல் ஒருவனோடு வாழ்ந்த பெண்ணும் அடி உதைக்கு எதிராக நீதிமன்றம் செல்லலாம், வீட்டைவிட்டு அவளைத் துரத்த முடியாது என்று சொல்வதற்காக அங்கே அவை எழுதப்பட்டன. அந்தப் பாதுகாப்பைப் பெற எந்தப் பதிவேட்டிலும் பெயர் இருக்க வேண்டியதில்லை. வாழ்ந்த வாழ்க்கையே சான்று.

அத்தொடருக்கு உச்ச நீதிமன்றம் விரிவாகப் பொருள் உரைத்தது 2010 அக்டோபரில், கோயம்புத்தூரிலிருந்து சென்ற ஒரு ஜீவனாம்ச வழக்கில். நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் டி.எஸ். தாக்கூரும் நான்கு நிபந்தனைகள் வைத்தனர்: ஊரார் முன் கணவன் மனைவி போலவே தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும், திருமண வயது நிறைந்திருக்க வேண்டும், மணம் புரியத் தடை ஏதும் இருக்கக் கூடாது, குறிப்பிடத்தக்க காலம் தம் விருப்பப்படி சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதே தீர்ப்பில் 'கீப்' என்றொரு சொல்லும் இடம்பெற்றது. அன்றைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் அதற்கு நீதிமன்றத்திலேயே மறுப்புத் தெரிவித்தார். 'வைப்பாட்டி' என்னும் நம் சொல்லும் இந்த வேலையைத்தான் செய்கிறது: வைத்தவன் மறைந்துகொள்கிறான், வைக்கப்பட்டவள் மட்டும் பெயர் பெறுகிறாள்.

ஆக, காப்பதற்காகப் பிறந்த தொடர் கண்காணிப்புக்கு எப்போது வந்து சேர்ந்தது? விடை தேடினால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. கேசவ சந்திர சென்னின் பிரம்ம சமாஜத்தார் வேண்டியதன் பேரில், 1868இல் ஹென்றி மெய்ன் ஒரு பதிவுத் திருமண மசோதாவைக் கொண்டுவந்தார். கடும் எதிர்ப்புக்குப் பின் 1872இல் அது மூன்றாம் சட்டமாயிற்று. அதன்படி மணப்போர், தாம் இந்து, இஸ்லாம், கிறித்தவம் முதலிய எந்த மதத்தையும் பின்பற்றவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும். பதினான்கு நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்த அறிவிப்பேட்டை எவரும் பார்வையிடலாம். 21 வயது நிறையாதவருக்குத் தந்தை அல்லது காப்பாளரின் இசைவு தேவை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் அந்த உறுதிமொழியைக் கைவிட்டது; அறிவிப்பையோ முப்பது நாளாக நீட்டியது. அலுவலகச் சுவரில் அது ஒட்டப்படும். மனம் ஒப்பாத எவரும் ஆட்சேபம் எழுப்பலாம். இந்துத் திருமணச் சட்டப்படி மணப்போருக்கு இப்படியொரு முன்னறிவிப்பு இல்லை. சாதியையும் மதத்தையும் கடந்து மணப்போரின் பெயர்தான் சுவரில் ஏறுகிறது.

பதிவை நான் எதிர்ப்பதாக எண்ண வேண்டாம். கேட்டுப் பெற விரும்பியவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். குஜராத்தில் 'மைத்ரி கரார்' என்னும் நட்பு ஒப்பந்தம் ஒரு காலத்தில் வழக்கிலிருந்தது. மணமான ஆண்கள் இருதாரத் தடையைச் சுற்றிச் செல்ல அதைப் பயன்படுத்தினர் என்பது உண்மை. ஆனால் சேர்ந்து வாழ விரும்பிய பெண் இணைகள் சிலரும் அதே முத்திரைத்தாளைத் தேடிப் போயினர். அவர்களுக்கு வேறு தாள் ஏது?

2023 அக்டோபர் 17 அன்று, தன்பால் இணையருக்குத் திருமண உரிமை அடிப்படை உரிமையன்று என உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் கூறினர். திருமணம் அல்லாத ஒரு குடிமை இணைவையேனும் அரசு ஏற்க வேண்டும் என்ற கருத்து, மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தோற்றது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், குடும்பப் பிணைப்பு ஆவணம் ஒன்றைப் பதிவுசெய்யும் முறையைத் தமிழ்நாட்டு அரசு பரிசீலிக்கலாம் என்றார். தீர்ப்பு வந்து நான்கு மாதம் ஆகுமுன், 2024 பிப்ரவரி 7 அன்று, உத்தராகண்ட் சட்டமன்றம் தன் மசோதாவை நிறைவேற்றியது. பதிவேட்டில் இடம் கேட்டு நின்றவர்களுக்குக் கதவு அடைபட்டது. கேளாதவர்கள் உள்ளே இழுக்கப்பட்டனர். அந்த வரையறையில் தன்பால் இணையருக்கு இடமில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நிறைவேறியபோது அச்சட்டம் சொன்னது இது: ஒரு மாதத்துக்குள் பதிவு செய்யாதவர்களுக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவு விவரம் உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போகும். இருவரில் ஒருவர் 21 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்குத் தகவல் போகும். 1872இன் அதே 21. கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சம், பிறக்கும் குழந்தைக்குச் சட்டப்பூர்வத் தகுதி என்பவை ஆதரிப்போரின் வாதம். குழந்தை குறித்த பிரிவு நல்லதே. ஆனால் ஒரு பெண்ணைக் காக்கக் காவல் நிலையத்தில் அவள் முகவரி எதற்கு? வேற்று சாதிக்காரனோடு வாழ்பவளுக்கு ஆபத்து பெரும்பாலும் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்பதை ஆணவக்கொலைச் செய்திகளைப் படிக்கும் எவரும் அறிவர்.

தோழிக்கு இவ்வளவையும் எழுதினேன். 2010இன் முதல் நிபந்தனையையும் சுட்டிக்காட்டினேன்: ஊரார் முன் கணவன் மனைவி போலக் காட்டிக்கொள்ளுதல். அவர்களோ வீட்டு உரிமையாளரிடம் தங்களை உடன் ஆய்வு செய்பவர்கள் என்று மட்டுமே சொல்லியிருக்கிறார்கள். பழைய தீர்ப்பின்படி பார்த்தால், நாளை அவருக்குப் பாதுகாப்பு தேவைப்படும்போது இந்த உறவு 'திருமண இயல்பிலானது' ஆகாமல் போகலாம். புதிய சட்டத்தின் தண்டனைப் பிரிவும் அதே அளவுகோலால்தான் அளக்குமா என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. வாடகை ஒப்பந்தம் ஜூன் வரை இருக்கிறதாம். அதன்பின் இருவரும் டெல்லிக்கு வந்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள்.