அடங்கியிருந்து ஆளும் அரசி



பொள்ளாச்சிக்கு மேற்கே, தமிழகமும் கேரளமும் கைகோத்து நிற்கும் எல்லையில் கோவிந்தாபுரம் என்ற ஊர் உள்ளது. அத்தகைய ஊர்களிலிருந்து பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்குச் சென்றவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். முற்றத்தில் இரைக்காக ஒன்றையொன்று கொத்தும் கோழிகளும், கூரையோரம் தொங்கும் சிறு குளவிக் கூடும் உங்களுக்குப் புதியவை அல்ல. கூட்டமாக வாழும் உயிர்களில் தலைமை யாருக்கு உரியது என்ற வினாவுக்கு விடை தேடியவர்கள், இவ்விரண்டினிடமுமே பாடம் கேட்டார்கள்.

முதலில் கோழியைப் பார்ப்போம். 1894-ஆம் ஆண்டு நார்வேயில் பிறந்த ஷெல்டரூப் எப்பே என்பவர், எந்தக் கோழி எதனைக் கொத்துகிறது என்று சிறுவயது முதலே கவனித்து வந்தார். முதற் கோழி எல்லாவற்றையும் கொத்தும்; கடைசிக் கோழி எல்லாவற்றிடமும் கொத்துப்படும். இந்தக் 'கொத்தும் வரிசை'யை அவர் 1922-இல் வெளியிட்டார். அடக்கியாளுதலே உயிருலகின் அடிப்படை நியதி என்று கருதும் அளவுக்கு அவர் சென்றார். பின்னர் 1940-களில், இத்தாலிய விலங்கியலார் லியோ பார்டி, ஒருவகைக் குளவியிலும் இத்தகைய வரிசை உண்டு எனக் காட்டினார். அங்கே யாவரையும் அடக்கும் குளவியே முட்டையிடும் அரசியாக விளங்கிற்று. வலியதே தலைமை ஏற்கும் என்ற கருத்து இவ்வாறு வேரூன்றியது.

இனி, பெங்களூருக்கு வருவோம். 1953-இல் பிறந்த இராகவேந்திர கடக்கர், அந்நகரின் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பயின்றவர். கல்லூரிச் சன்னல்களில் கூடு கட்டியிருந்த 'ரோபாலிடியா மார்ஜினேட்டா' என்னும் குளவி மாணவப் பருவத்திலேயே அவர் மனத்தைக் கவர்ந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற பின்னரும், அவர் அக்குளவியிடமே திரும்பினார். இவ்வினத்தில் அரசிக்கும் பணிப்பெண்ணுக்கும் உருவ வேறுபாடு இல்லை. ஆகவே, ஒவ்வொரு குளவியின் உடலிலும் வண்ணப் பொட்டு இட்டு, அது செய்வதையெல்லாம் பொறுமையுடன் குறித்து வைத்தார். 1983-இல் அவரும் என். வி. ஜோஷியும் வெளியிட்ட ஆய்வு, அக்குளவிகளை மூவகையாகப் பிரித்தது: அமர்ந்திருப்பவை, சண்டையிடுபவை, இரை தேடுபவை. அரசி எவ்வகையைச் சேர்ந்தது என்று எண்ணுகிறீர்கள்? சண்டையிடும் வகையை அன்று. அமைதியாக அமர்ந்திருக்கும் வகையை!

அவ்வரசியைக் கூட்டிலிருந்து அகற்றினால் என்ன நிகழும்? சிறிது நேரத்திற்குள் பணிப்பெண்களுள் ஒன்று மட்டும் கடுஞ்சினம் கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கும். அரசியைத் திரும்ப விட்டால் அது தணிந்துவிடும். விடாவிட்டால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிட்டுப் புதிய அரசியாகும். அதன் சினமும் படிப்படியாக அடங்கிவிடும். அதுவரை சண்டையில் முதலிடம் பெற்றிருந்த குளவிதான் வாரிசாகும் என்று சொல்வதற்கில்லை. அரசி தன் இருப்பை அறிவிப்பது அடியால் அன்று, உடலில் சுரக்கும் ஒரு வேதிப்பொருளால் என்பதும் பின்னைய ஆய்வுகளில் புலனாயிற்று. பணிப்பெண்களிடையே நிகழும் சிறு சண்டைகளும் பதவிக்காக அல்ல. கூட்டின் பசியை உணர்த்தி, இரை தேடுவோரை வெளியே அனுப்புவதற்கு அவை பயன்படுகின்றன. கூட்டிலேயே உணவு மிகுதியாகக் கிடைத்தால் அச்சண்டைகளும் குறைகின்றன. இக்குளவியைப் பற்றிக் கடக்கர் 2001-இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார்.

கோழியைப் பற்றிய உண்மை பொய்யாகிவிடவில்லை. அது கோழிக்கு உரியது. ஓர் உயிரின் வழக்கத்தை எல்லா உயிர்க்கும் சட்டமாக்கியதே பிழை. 'எளியவனை வலியவன் ஆள்வது இயற்கை' என்று சொல்லி, மனிதருள் உயர்வு தாழ்வு கற்பிப்போர் இன்றும் உளர். அவர்கள் இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பார்களாயின், கோழியோடு இக்குளவியையும் அழைத்தல் வேண்டும்.

இவ்வாய்வின் தொடக்கத்திற்கு வேண்டியிருந்தவை வண்ணமும் குறிப்பேடும் நெடும் பொறுமையுமே. நீங்கள் வாழும் ஊரிலும் சன்னலோரம் கூடுகள் இருக்கும். உங்கள் பிள்ளைகள் அவற்றைக் கலைத்துவிடாமல், சற்றே தொலைவில் நின்று கவனிக்கப் பழகட்டும்.