தோட்டத்துச் சோற்றுப் பானை உலகுக்குச் சொன்ன பாடம்

நேயர்களே, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான ஜுரு வட்டாரத்தில் ஒரு தமிழர் மளிகைக் கடைக்குள் நுழைந்தால் அரிசி மூட்டைகள் வரிசையாக நிற்கும். ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று பச்சரிசி. இன்னொரு பக்கம் சற்றே மஞ்சள் ஏறிய புழுங்கல் அரிசி. பாட்டி இருக்கும் வீட்டில் புழுங்கல்தான் வேண்டும் என்பார்கள். பேரப்பிள்ளைகளோ, "அது வாடை அடிக்குது பாட்டி, வெள்ளை அரிசியே ஆக்குங்க" என்பார்கள்.

இரண்டும் அரிசிதானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்கு முன்பு, இதே மலாயா மண்ணில், இந்த இரண்டு அரிசிக்கும் இடையே இருந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயமாக இருந்தது. சத்துணவு என்ற அறிவியல் பிறந்து வளர்ந்த கதையில் மலாயாத் தமிழரின் சோற்றுப் பானைக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது.

கால் மரத்துப் போகும் நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டனர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் கரை இறங்கி, கங்காணிக்கும் துரைக்கும் கட்டுப்பட்டு லயத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்று தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. ஆனாலும் ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் அந்தத் 'தோட்டம்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் மலாயாவை ஆட்டிப் படைத்த நோய்களில் ஒன்று 'பெரிபெரி'. முதலில் கால் மரத்துப் போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் கை கால் சூம்பும். சிலருக்கு உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கி, நெஞ்சு அடைத்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் பாடுபட்ட சீனத் தொழிலாளர்கள் இந்த நோய்க்குக் கொத்துக் கொத்தாகப் பலியானார்கள். சிறைச்சாலைகளும் மருத்துவமனைகளும் இந்நோயாளிகளால் நிறைந்தன.

இது தொற்றுநோய் என்றார்கள் சிலர். மண்ணிலிருந்து கிளம்பும் நச்சுக் காற்று என்றார்கள் வேறு சிலர். நோய் என்றாலே கிருமி ஒன்று உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. உணவில் ஒன்று இல்லாமல் போனாலும் நோய் வரும் என்று அப்போது பெரும்பாலானவர்களுக்குத் தோன்றவில்லை.

ஒரே மண், மூன்று வகைச் சோறு

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த டாக்டர் பிராடன் ஒரு புதிரைக் கவனித்தார். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே கொசு. ஆனால் பெரிபெரி சீனத் தொழிலாளர்களைத்தான் அதிகம் தாக்கியது. தமிழர்களுக்கு அநேகமாக வருவதில்லை. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அவ்வளவாக இல்லை.

மூன்று சமூகத்தாருக்கும் முக்கிய உணவு சோறுதான். ஆனால் அந்த அரிசி வேறு வேறு. சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்கு தீட்டி, மூட்டையில் பல நாள் கிடந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்திச் சமைத்தார்கள். தமிழர்கள் ஊரில் பழகியபடியே புழுங்கல் அரிசிச் சோறு சாப்பிட்டார்கள்.

நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று பிராடன் முடிவு கட்டினார். 1907-ல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். ஆனால் பாதி உண்மையைத்தான் அவர் பிடித்தார். பழைய வெள்ளை அரிசியில் பூஞ்சை பிடித்து நஞ்சு உண்டாகிறது என்று அவர் நினைத்தார். அரிசியில் ஏதோ சேர்ந்துவிட்டது என்றே தேடினார். அதிலிருந்து ஏதோ போய்விட்டது என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

இரண்டு வார்டுகள், இரண்டு அரிசி

1905-ல் கோலாலம்பூர் மனநல விடுதியில் பெரிபெரி பரவியது. அங்கு டாக்டர் வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். நோயாளிகளை வரிசையில் நிற்க வைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு வார்டுக்கு, இரட்டைப்படை எண் வந்தவர்கள் இன்னொரு வார்டுக்கு. ஒரு பிரிவுக்குச் சயாமிய வெள்ளை அரிசி. மற்றதற்கு இந்தியப் புழுங்கல் அரிசி. கட்டடத்தில்தான் கோளாறோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் வைத்தார்.

முடிவு 1907-ல் வெளியானது. வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் 36 பேருக்குப் பெரிபெரி. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட 123 பேரில் 2 பேருக்கு மட்டுமே நோய். அவர்கள் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். இந்தப் பிரிவில் பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி இதே சோதனையைச் செய்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பக்கம் மாறியது.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். அந்த மனநல நோயாளிகளிடமோ சாலைக் கூலிகளிடமோ யாரும் முறையாகச் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. இன்றைய மருத்துவ நெறிப்படி அப்படி ஒரு சோதனைக்கு அனுமதியே கிடைக்காது. உலகம் கற்ற பாடத்துக்கு அந்த 18 பேர் உயிரைக் கொடுத்தார்கள். மருத்துவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. அவர்களுடைய பெயர்கள் நிற்கவில்லை.

தவிட்டில் இருந்த உயிர்

பக்கத்து ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன் 1890-களிலேயே கோழிகளை வைத்து இதைக் கண்டிருந்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் தள்ளாடின. தவிடு கொடுத்ததும் எழுந்து நடந்தன. அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ், தவிட்டில் உடலுக்கு வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது, அது இல்லாததால்தான் நோய் வருகிறது என்று 1901-ல் சொன்னார். மலாயாச் சோதனைகள் அதை மனிதரில் உறுதிப்படுத்தின. 1910-ல் மணிலாவில் கூடிய மருத்துவர் மாநாடு, தீட்டிய அரிசியையே முக்கிய உணவாகத் தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று அறிவித்தது. 1912-ல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற சொல்லை உலகுக்குத் தந்தார். 1926-ல் ஜாவாவில் அந்தப் பொருள் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதற்குப் பெயர் தயமின், அதாவது வைட்டமின் பி1. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

சரி, புழுங்கல் அரிசியில் அப்படி என்னதான் நடக்கிறது? நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அதன் பிறகுதான் குத்துகிறோம். தயமின் நீரில் கரையும் சத்து. தவிட்டிலும் முளையிலும் இருக்கும் அந்தச் சத்து, ஊறும்போதும் வேகும்போதும் அரிசியின் உட்பகுதிக்கு இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தவிட்டைத் தீட்டினாலும் உள்ளே போன சத்தில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். இந்திய உணவு அட்டவணைகளின்படி, ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் சுமார் 0.06 மில்லிகிராம். புழுங்கல் அரிசியில் சுமார் 0.21 மில்லிகிராம். ஓர் உழைப்பாளி நாளுக்கு 500 கிராம் அரிசி சாப்பிடுகிறார் என்று வையுங்கள். பச்சரிசியில் அவருக்குக் கிடைப்பது 0.3 மில்லிகிராம். புழுங்கலில் 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல். வளர்ந்த ஆணுக்கு நாளுக்கு 1.2 மில்லிகிராமும் பெண்ணுக்கு 1.1 மில்லிகிராமும் தேவை என்கிறது இன்றைய பரிந்துரை. ஒரு பிடி பருப்பு சேர்ந்தாலே புழுங்கல் சோறு அந்த எல்லையைத் தொட்டுவிடும். வெள்ளைச் சோறும் உப்புமீனும் மட்டும் என்றால் அது எட்டாத தூரம்.

வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு

அதற்காக நம் முன்னோர் வைட்டமின் அறிந்து புழுங்கல் சாப்பிட்டார்கள் என்று பெருமை பேசக்கூடாது. சோறு குழையாது, நெல் குத்தும்போது உடையாது, பசி தாங்கும் என்பதால் வந்த பழக்கம் அது. அது பெரிபெரியைத் தடுத்தது. ஆனால் மலேரியாவைத் தடுக்கவில்லை. கொக்கிப்புழுவால் வந்த ரத்தசோகையைத் தடுக்கவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போன கூலியையும் அது காப்பாற்றவில்லை. மது, உடல் தயமினை உறிஞ்சுவதையே கெடுக்கும் என்பது இன்று தெளிவான உண்மை.

ஒரே ஓர் உணவு எல்லாவற்றையும் தந்துவிடாது. இதுதான் சத்துணவு இயலின் அடிப்படை. உழைக்கத் தேவையான சக்தியை மாவுச்சத்தும் கொழுப்பும் தருகின்றன. தசையை வளர்த்துத் தேய்மானத்தைச் சரிசெய்ய புரதம் வேண்டும். இவை கிராம் கணக்கில் தேவை. வைட்டமின்களும் இரும்பு, அயோடின் போன்ற தாதுக்களும் மில்லிகிராம், மைக்ரோகிராம் கணக்கில் போதும். ஆனால் அந்தத் துளி இல்லாவிட்டால் மூட்டை அரிசி இருந்தும் பயனில்லை.

எவ்வளவு தேவை என்று அளந்து சொல்லும் வேலையிலும் தமிழ் மண்ணுக்குப் பங்கு உண்டு. 1918-ல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கியது பெரிபெரி ஆராய்ச்சிதான். அதுவே வளர்ந்து சத்துணவு ஆய்வுக்கூடம் ஆனது. அங்கிருந்து ஏக்ராய்டு 1937-ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல், தோசைக்கும் கீரைக்கும் எண்களில் மதிப்புக் கொடுத்தது. பின்னாளில் அந்த நிலையம் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய சத்துணவு நிலையமாகிவிட்டது.

மலேசியாவும் தன் மக்களுக்கான பரிந்துரை அளவுகளை 2005-ல் வெளியிட்டு 2017-ல் புதுப்பித்தது. இந்த அளவு ஆரோக்கியமானவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் போதுமானதாக இருக்கும்படி சற்றுத் தாராளமாக வைக்கப்படுவது. ஒருநாள் குறைந்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. பல வாரம், பல மாதம் தொடர்ந்து குறைந்தால்தான் ஆபத்து. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் வளரும் பிள்ளைக்கும் அளவு மாறும் என்பதையும் மறக்கக்கூடாது.

இன்றைய தட்டு

இன்று ஜுருவில் பெரிபெரியைத் தேடினாலும் காண்பது அரிது. அந்த இடத்தில் 'இனிப்பு நீர்' வந்து உட்கார்ந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023-ல் அது 15.6 விழுக்காடு. முக்கிய இனங்களில் இந்தியர்களிடம்தான் இது அதிகம். அதே 2019 ஆய்வில் 94.9 விழுக்காட்டினர் காய்கறியும் பழமும் போதிய அளவு சாப்பிடவில்லை என்றும் தெரியவந்தது.

அன்று பால்மரம் சீவியும் கரும்பு வெட்டியும் பாடுபட்ட உடம்புக்கு மலைபோல் சோறு தேவைப்பட்டது. இன்று தொழிற்சாலையில் நின்ற இடத்திலும் அலுவலகத்தில் உட்கார்ந்த இடத்திலும் வேலை. வேலை மாறிவிட்டது, சோற்றின் அளவு மாறவில்லை. அதற்கு மேல் காலையில் ரொட்டி சானாய், மாலையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக். புழுங்கல் அரிசி என்றாலும் அளவு மீறினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

சுகாதார அமைச்சு சொல்வது எளிமையான கணக்கு. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, கோழி அல்லது பருப்பு, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். வாழை இலையில் நடுவே சோற்றைக் குவித்து ஓரத்தில் கூட்டு வைத்துப் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் மாற்ற வேண்டியது பொருளை அல்ல, அளவைத்தான். முருங்கைக்கீரையும் கச்சாங் பூத்தேயும் கெம்போங் மீனும் பக்கத்துச் சந்தையிலேயே கிடைக்கின்றன. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவாமல், வடித்த கஞ்சியைக் கொட்டாமல் இருந்தால், காசு செலவில்லாமலே கொஞ்சம் தயமினும் மிஞ்சும்.

நேயர்களே, சோறு இருந்தும் சத்து இல்லாமல் மடிந்தவர்களிடமிருந்து உலகம் ஒரு பாடம் கற்றது. தட்டில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்காதே, என்ன இல்லை என்றும் பார் என்பதே அந்தப் பாடம். அந்தத் தொழிலாளர்களுக்குத் தங்கள் தட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை; கொடுத்த அரிசியைத்தான் தின்றார்கள். இன்று அந்த உரிமை நம் கையில் இருக்கிறது. இன்றிரவு சோறு பரிமாறும்போது கரண்டியை ஒருமுறை குறைத்து, கீரையை ஒருமுறை கூட்டிப் போடுங்கள்.