தொலைவிலிருந்து பார்க்கும் கண்



சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஆசிரியர், திரையில் பார்த்தே டாக்டர் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியுமா?” என்று வினவினாள். அவ்வினா என்னை என் ஏழாம் வயதுக்கு இட்டுச் சென்றது.

சுங்கை ஊடாங்கை அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றில், விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்ற என் தாத்தா சாய்ந்து விழுந்தார். வாய் ஒருபுறம் கோணியது, வலக்கை எழவில்லை. தோட்ட மருந்தகத்து டிரெஸ்ஸர் அலுவலகத் தொலைபேசியில் மருத்துவரிடம் விவரம் கூறினார். மறுமுனையில் இருந்தவரால் கேட்க முடிந்தது, பார்க்க முடியவில்லை. லாரி பிடித்து மலாக்காவைச் சேர்வதற்குள் நண்பகலாகிவிட்டது. தாத்தா பிழைத்தார், பேச்சு மட்டும் திரும்பவில்லை.

மருத்துவரின் கண்ணை நோயாளியிடம் விரைந்து கொண்டு செல்லும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1968 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், லோகன் விமான நிலைய மருத்துவ நிலையத்தையும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையையும் இருவழித் தொலைக்காட்சியால் இணைத்தார் டாக்டர் கென்னத் பேர்ட். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தாம். ஆயினும் சாலை நெரிசலில் மருத்துவரின் நேரம் வீணாயிற்று. விமான நிலையத்தில் தாதியர் நோயாளியின் அருகில் நிற்க, மருத்துவர் திரையில் பார்த்து வழிகாட்டினார்.

நம் நாட்டில் 1997 ஆம் ஆண்டிலேயே தொலைமருத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. ஒலி, காட்சி, தரவுத் தொடர்பு வழியாகச் செய்யும் மருத்துவம் என அது தொலைமருத்துவத்தை வரையறுத்தது. நோயாளியின் எழுத்துவழி ஒப்புதலையும் வலியுறுத்தியது.

2000 மார்ச் 24 அன்று, ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்துத் தொலைமருத்துவ நிலையத்தை அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடக்கி வைத்தார். அது, சென்னையில் அப்போலோ மருத்துவமனையை நிறுவிய பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். 2015 ஆம் ஆண்டில் அப்போலோ குழுமமும் இமாச்சலப் பிரதேச அரசும் இணைந்து, பனிக்காலத்தில் சாலைகள் அடைபடும் கேலாங், காசா ஆகிய மலையூர்களுக்கு அவசரத் தொலைமருத்துவத்தைக் கொண்டு சென்றன.

பக்கவாதத்தில் காட்சியின் பயன் தெளிவாகத் தெரியும். முகம் கோணுகிறதா, கை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்பதை நிபுணர் திரையிலேயே ஆராயலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தலையை ஸ்கேன் செய்து இரத்தக்கசிவு இல்லையென உறுதி செய்ய வேண்டும். தாத்தாவின் காலத்தில் பக்கவாதத்திற்கு அம்மருந்து வழக்கில் இல்லை. ஆதலால், காட்சி இருந்திருந்தால் அவர் பேசியிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆயினும் இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. திரை கண்ணைத்தான் கொண்டு வரும். கையைக் கொண்டு வராது. பாஸ்டனில் தாதியர் அருகில் நின்றனர். எங்கள் தோட்டத்தில் டிரெஸ்ஸர் நின்றார். வீட்டில் நிற்கப் போவது நம் பிள்ளையாகவும் இருக்கலாம். 999 எண்ணையும் வீட்டு முகவரியையும் பிழையின்றிச் சொல்லவும், நோய்க்குறி தோன்றிய நேரத்தைக் குறித்து வைக்கவும் அவர்களுக்குப் பயிற்சி அளிப்போம்.

அம்மாணவிக்கு நான் கூறிய விடை இதுதான்: “முடியும் அம்மா, அருகில் ஒருவர் பதறாமல் நின்றால்.”