வாசித்துக் காட்டினால் போதுமா? கல்முனைக் கரையோரச் சிறுவரின் வாக்குமூலமும் பொலிஸ் பயிற்சியும்

சிறுவருடனும் பதின்ம வயதினருடனும் பொலிஸார் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இலங்கையில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி மனப்பாங்கைப் பற்றியது. அதட்டக் கூடாது, சீருடையைத் தவிர்க்க வேண்டும், தனியறையில் பேச வேண்டும், பெண் உத்தியோகத்தர் அருகில் இருக்க வேண்டும் என்பவையே பயிற்சியின் உள்ளடக்கமாகத் திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஊடாகப் பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில் ஒரு பிள்ளைக்கு மிகப் பெரிய ஆபத்து அதிகாரியின் குரலில் இல்லை, அவர் எழுதும் தாளில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். கனிவாகப் பேசும் அதிகாரி ஒருவர், தம்மை அறியாமலே, அந்தப் பிள்ளையின் வழக்கைக் கெடுத்துவிட முடியும்.

சர்ச்சைக்குரிய வாசகம் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவில் உள்ளது. விசாரணை செய்யும் பொலிஸ் உத்தியோகத்தர், சம்பவம் பற்றி அறிந்தவர் எனக் கருதும் எவரையும் வாய்மொழியாக வினவலாம். அவர் சொல்வதை முழுமையாக எழுத வேண்டும். தெளிவு பெறக் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும்கூட அதில் இடம்பெற வேண்டும். எழுதியதை அவருக்குக் காட்ட வேண்டும், அல்லது வாசித்துக் காட்ட வேண்டும், அல்லது அவருக்கு விளங்கும் மொழியில் விளக்க வேண்டும். திருத்தவும் கூட்டிச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

இதுவரையான ஆய்வுகள் அழுத்தம் கொடுத்தது இந்தக் கடைசிப் பகுதிக்கே. எந்த மொழியில் எழுதினாலும், விளங்கும் மொழியில் விளக்கிவிட்டால் சட்டத்தின் தேவை நிறைவேறுகிறது. ஆகவே விளக்கும் திறனை அதிகாரிக்குக் கற்பித்தால் போதும் என்பது அந்த வாசிப்பு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதற்கு இடம் இருப்பதை மறுக்க முடியாது. எனினும் அது பிரிவைப் பாதியில் நிறுத்திப் படிக்கும் வாசிப்பு என்றே நினைக்கிறேன்.

முதலாவது, இந்தப் பிரிவை அரசியலமைப்பிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்துக்குப் பின் 22ஆம் உறுப்புரை, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பொதுப் பதிவேடுகளைப் பேணும் மொழி தமிழ் என்கிறது. 24ஆம் உறுப்புரையின்படி அங்குள்ள நீதிமன்றங்களின் மொழியும் தமிழே. கல்முனையில் தமிழில் பேசிய பிள்ளையின் வாக்குமூலத்தை நிலையத்தில் சிங்களத்தில் எழுதினால், வழக்கு மேல்நீதிமன்றத்துக்குப் போகும்போது அதை மீண்டும் தமிழாக்க வேண்டும். பிள்ளை சொன்னது இருமுறை மொழி மாறி, பிள்ளை சொல்லாத தமிழில் திரும்பி வருகிறது. நல்லிணக்க ஆணைக்குழு 2011ஆம் ஆண்டு அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் இருக்க வேண்டும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியும் உரிமை பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. விளக்கிச் சொல்வதே போதுமானது என்றால் இப்படியொரு பரிந்துரைக்குத் தேவையே இருந்திருக்காது.

இரண்டாவது, கேள்விகளை எழுத வேண்டும் என்ற பகுதி. இதைத்தான் ஆய்வுகள் கிட்டத்தட்ட மறந்துவிட்டன. ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பதினொரு வயதுப் பிள்ளையிடம் அதிகாரி அன்பாகவே கேட்கிறார்: "நேற்றுப் பின்னேரம் கடற்கரைக்குப் போனீங்களா மகன்?" "ஓம்." "அவர் அங்க நின்றாரா?" "ஓம்." "உங்களக் கூப்பிட்டாரா?" பிள்ளை தலையை ஆட்டுகிறது. தாளில் விழுவது இது: "நான் நேற்றுப் பிற்பகல் கடற்கரைக்குச் சென்றிருந்தபோது அங்கு நின்ற இன்னார் என்னை அழைத்தார்." மூன்று கேள்விகளும் மறைந்துவிட்டன. இரண்டு "ஓம்", ஒரு தலையாட்டல் ஆகிய மூன்றும் பிள்ளை தன்விருப்பில் சொன்ன தொடர்கதையாகிவிட்டன. சில ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் அதே பிள்ளை, "அவர்தான் கிட்ட வந்தார்" என்கிறது. பொலிஸில் வேறு விதமாகச் சொன்னீரே என்று குறுக்கு விசாரணை தொடங்குகிறது. 110(3) இந்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் முக்கியமாக அனுமதிப்பது இதற்காகத்தான்: சாட்சி முன்னொருமுறை மாறாகச் சொன்னார் என்று காட்டுவதற்கு. முரண்பாடு அதிகாரியின் வாக்கிய அமைப்பிலிருந்து பிறந்தது. விலை கொடுப்பது பிள்ளை.

வாசித்துக் காட்டுவது இதற்குப் பரிகாரமாகாது. சீருடையில் இருக்கும் பெரியவர் ஒருவர் முழுப் பந்தியையும் வாசித்துவிட்டு "சரிதானே?" என்று கேட்டால் பிள்ளை "ஓம்" என்றே சொல்லும். ஆசிரியருக்கும் மௌலவிக்கும் எதிர்ப்பேச்சு பேசாமல் வளர்ந்த பிள்ளை பொலிஸாரிடம் மட்டும் திருத்தம் சொல்லும் என்று எதிர்பார்ப்பது சட்டத்தின் கற்பனை.

இந்தக் கோணத்தில் பார்த்தால் புத்தளம் விவகாரத்தையும் வேறுவிதமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. 2020 ஏப்ரலில் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானபின், புத்தளம் அல்-ஸுஹ்ரிய்யா மத்ரஸாவில் படித்த சில சிறுவரின் சார்பில் உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கலாயின. தங்களுக்கு விளங்காத மொழியில் இருந்த தாள்களில் கையொப்பமிட வைக்கப்பட்டதாகச் சிறுவர்கள் கூறினர் என்பது அவற்றின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. இது குற்றச்சாட்டுதான், தீர்ப்பல்ல. அந்த எல்லையை மீறி எதையும் சொல்ல நான் முற்படவில்லை. ஆனால் இதைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் விபரீதமாக மட்டும் படிக்கும் போக்கை ஏற்க முடியவில்லை. விளங்காத மொழியில் எழுதிய தாளில் ஒரு பிள்ளை கையொப்பமிட நேர்வதற்கு விசேட சட்டம் எதுவும் தேவையில்லை. சைக்கிள் களவுபோன முறைப்பாட்டில்கூட 110ஆம் பிரிவின் பாதி வாசிப்பு அதற்கு வழிவிடுகிறது. அந்தச் சட்டம் நாளை நீக்கப்பட்டாலும் இந்தப் பழக்கம் போகாது.

யார் அருகில் இருப்பது என்பதிலும் இக்கரையோரத்தின் நிலை தனியானது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் பெற்றோர் அல்லது பாதுகாவலரை மனதில் வைத்தே எழுதப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 18 வயதுக்குக் குறைந்த எல்லோரையும் அதன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அது பெரிய மாற்றம். ஆனால் வாப்பா கட்டாரில் இருக்கலாம், உம்மா சவூதியில் வீட்டுப்பணிக்குப் போயிருக்கலாம். அக்கரைப்பற்றைப் பற்றி மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியிருப்பதுபோல, இங்கே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. பிள்ளை வளர்வது தாய்வழி உறவுகளுக்கு நடுவே. நிலையத்துக்கு வந்து உட்காருவது பெரும்பாலும் மூத்தம்மாவாகவோ சாச்சியாகவோ மாமாவாகவோ இருக்கும். சிங்கள எழுத்துத் தெரியாத மூத்தம்மா வாக்குமூலத் தாளைப் பார்த்து என்ன சரிபார்ப்பார்? தமிழில் எழுதியிருந்தால், வாங்கில் காத்திருக்கும் பத்தாம் வகுப்புக் காக்காவாவது வாசித்துப் பார்த்திருப்பான்.

மனப்பாங்குப் பயிற்சியை நான் குறைத்து மதிப்பதாக நினைக்க வேண்டாம். 2020 மே 25இல் அளுத்கமையில் ஆட்டிசம் உள்ள 14 வயதுச் சிறுவனைப் பொலிஸார் தாக்கியதாக எழுந்த முறைப்பாடு, அந்தப் பயிற்சி எவ்வளவு அவசரம் என்பதைக் காட்டியது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தொடர்ந்து 2019 ஏப்ரல் 26 இரவு நடந்த சாய்ந்தமருது முற்றுகையில் பிள்ளைகளும் மாண்டனர். அதன்பின் வந்த தேடுதல்களுக்கிடையே வளர்ந்த ஒரு தலைமுறை சீருடையை எப்படிப் பார்க்கிறது என்பதைத் தெரியாமல் இங்கே எவரும் பணிபுரியக் கூடாது. ஆயினும் அச்சம் போன பின்பும் தாள் நிலைத்திருக்கிறது. 2023 இறுதியில் கல்முனைச் சிறுவர் தடுப்பு இல்லத்தில் பதின்ம வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அங்கு மேற்பார்வையில் இருந்த பெண்ணொருவர் கைதானார். அவ்வழக்கின் உண்மை நீதிமன்றத்துக்குரியது. ஆனால் இதுபோன்ற மரணங்களில் கண்கண்ட சாட்சிகள் பெரும்பாலும் அதே கூரையின் கீழ் இருந்த மற்றப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். அவர்களுடைய முதல் வாக்குமூலம் எப்படி எழுதப்பட்டது என்பதில்தான் வழக்கு நிற்கும், அல்லது விழும்.

இப்போதைய பிள்ளைகளுக்குச் சிங்களம் விளங்கும் என்று சிலர் சொல்வர். கடையில் விலை கேட்கும் சிங்களம் வேறு, தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும் மொழி வேறு. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் காணொளிச் சாட்சியத்துக்கு வழி திறந்துவிட்டதே என்பது அடுத்த ஆட்சேபம். அது சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளில் சாட்சியாகும் பிள்ளைக்கு. சந்தேகத்தில் பிடிபட்ட பதினைந்து வயதுப் பையனுக்கு அதனால் பயனில்லை. தமிழ் உத்தியோகத்தர் போதாது, இது ஆட்சேர்ப்புப் பிரச்சினை, பயிற்சியால் தீராது என்பது கனமான ஆட்சேபம். அதன் பாதி உண்மை. மறுபாதி என்னவென்றால், தமிழ் எழுதத் தெரிந்த கொன்ஸ்டபிள் நிலையத்தில் இருக்கும்போதும் கேள்விகள் எழுதப்படாமல் போகலாம். தமிழில் எழுதினாலும் இரண்டு "ஓம்"களைக் கதையாக்கிவிடலாம். அது ஆட்தட்டுப்பாட்டால் வரும் குறையன்று. எழுதக் கற்பித்த விதத்தால் வருவது.

ஆகவே களுத்துறைப் பொலிஸ் கல்லூரியிலும், நிலையங்களின் சிறுவர், மகளிர் பணியகங்களுக்கு நியமிக்கப்படுவோருக்கான வகுப்புகளிலும் வர வேண்டிய பாடம் எழுத்துப் பயிற்சி. சிறுவர் வாக்குமூலத்தைக் கேள்வி, விடை என்ற வடிவிலேயே எழுதுவது. தலையாட்டலைத் தலையாட்டல் என்றே எழுதுவது. பிள்ளை சொன்ன உறவுப்பெயரை மாற்றாமல் விடுவது. வாசித்துக் காட்டும்போது வேண்டுமென்றே ஒரு சிறு பிழையை நுழைத்துப் பிள்ளை திருத்துகிறதா என்று பார்ப்பது, திருத்தாவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவது. கடைசியாகச் சொன்னதற்குச் சட்டத்திருத்தம்கூட வேண்டியதில்லை. திருத்தும் உரிமையை 110ஆம் பிரிவு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.

பயிற்சி இன்றே தொடங்கினாலும், ஏற்கெனவே எழுதிக் கோவையில் கிடக்கும் தாள்கள் அப்படியே இருக்கும். கேள்விகள் இல்லாமல் சிங்களத்தில் எழுதி, பின்னர் தமிழாக்கப்பட்ட ஒரு வாக்குமூலத்தைக் கொண்டு பிள்ளையின் சாட்சியத்தில் முரண்பாடு காட்ட முற்பட்டால், அது 110ஆம் பிரிவு கேட்கும் முழுமையான பதிவுதானா என்ற வினாவை முதலில் தீர்த்துவிட்டே கல்முனை நீதிமன்றங்கள் அந்தக் குறுக்கு விசாரணையை அனுமதிக்க வேண்டும். அது முழுமையான பதிவல்ல என்பதே என் வாசிப்பு.