குவார்ட்டரின் கணக்கு: தேவாரம் வட்டாரப் பதின்வயதினரும் மிகைக்குடி பற்றிய அறிவும்

தேனி மாவட்டத்தின் தேவாரத்திலோ போடிநாயக்கனூரிலோ மதுவின் தீமையை அறியாத பதின்வயதுப் பிள்ளையைக் காண்பது அரிது. ஏலத்தோட்டக் கூலியில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்பதைக் குடிதான் தீர்மானிக்கிறது என்று வீட்டிலேயே கற்றுக்கொள்கிறார்கள். பாட்டிலில் அச்சிட்ட எச்சரிக்கையும் ஜூன் 26 போதை ஒழிப்பு ஊர்வலமும் அதையே திரும்பச் சொல்கின்றன. எனவே ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற வழக்கமான புலம்பலை இக்கட்டுரை ஏற்கவில்லை. இல்லாமல் இருப்பது அளவு பற்றிய அறிவு.

ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ தூய எத்தனால் உடலுக்குள் போனால் உலக சுகாதார நிறுவனம் அதை மிகைக்குடி என வரையறுக்கிறது. டாஸ்மாக் பிராந்தி, ரம் வகைகளில் எத்தனால், கன அளவில் 42.8 விழுக்காடு. 180 மில்லி குவார்ட்டரில் அது 77 மில்லி. எத்தனாலின் அடர்த்தி 0.789 என்பதால் எடை ஏறத்தாழ 61 கிராம். ஆக, ஒரு குவார்ட்டரைத் தனியாளாக முடிப்பவன் மிகைக்குடியின் எல்லையைத் தாண்டிவிடுகிறான். ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்று ஊர் அடக்கமாகச் சொல்லும் அளவு இது! அதுவும் வளர்ந்தவர்களுக்கான வரம்பு. இருவர் பங்கிடும் ‘கட்டிங்’கில் உள்ள 30 கிராம்கூட, உடல் எடை குறைந்த, குடித்துப் பழகாத பதினான்கு வயதுச் சிறுவனுக்குச் சிறியதல்ல.

கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் எத்தனாலைத்தான் எரிக்கும். ஒரு குவார்ட்டர் தீர ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் ஊற்றும் தண்ணீர் எதுவும் இதை விரைவுபடுத்தாது. சுருண்டு விழுந்த பிறகும் வயிற்றில் மிஞ்சிய சரக்கு இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ‘தூங்கட்டும், தெளிஞ்சிரும்’ என்று நண்பர்கள் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் போகும் நேரம்தான் மிக ஆபத்தானது. அப்போது தொண்டையின் காப்பு அனிச்சைச் செயல் மங்கியிருக்கும்; வாந்தி மூச்சுக்குழலுக்குள் இறங்கும்; மூச்சே தளரலாம். வெறும் வயிற்றில் குடித்த சிறுவனுக்கு இரத்தச் சர்க்கரையும் சரியும்.

மலைச்சரிவுக்கென்று தனியாக ஒரு மூடநம்பிக்கை உண்டு: குளிருக்கு இதம் என்பது. மது தோலின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் கதகதப்பு தெரிகிறது; உண்மையில் உடல் தன் வெப்பத்தை இழக்கிறது. போடிமெட்டுப் பனியில் இது விளையாட்டல்ல.

நம் பிரச்சாரம் இவற்றைத் தொடுவதே இல்லை. அது பேசுவதெல்லாம் கல்லீரல் கெடுவதையும் குடும்பம் சிதைவதையும். பதினாறு வயதுக்காரனுக்கு அவை அப்பாவின் வியாதிகள். அவனுடைய ஆபத்தோ இன்றிரவே வரக்கூடியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் எழுந்த பேச்சு, கடைச்சரக்கு என்றால் பயமில்லை என்ற எண்ணத்தையும் விட்டுச்சென்றது என்றே கருதுகிறேன். எத்தனாலும் தன் அளவில் நஞ்சுதான்.

அறிவு மட்டும் போதுமா என்ற மறுப்பு நியாயமானது. ஐஸ்லாந்தில் 15, 16 வயதினரில் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்தவர்கள் 1998இல் 42 விழுக்காடு. 2016இல் 5 விழுக்காடு. இதைப் பாடப்புத்தகம் சாதிக்கவில்லை. மாலைநேர விளையாட்டு, பெற்றோரின் கூட்டு உறுதிமொழி, இரவில் வெளியே திரியத் தடை எல்லாம் சேர்ந்து சாதித்தன. நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21, போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தில் 23. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவு, குழந்தைக்கு மது கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது. ஆனாலும் வாங்கிக் கொடுக்கும் அண்ணனையோ மாமாவையோ ஊர் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. சட்டம் நுழைய முடியாத அந்த இடத்தில்தான் அளவு பற்றிய அறிவுக்கு வேலை இருக்கிறது.

ஆகவே தேவாரம், போடி பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்பிலேயே குவார்ட்டரின் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். எழுப்பியும் எழாதவனை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், தனியே விடக்கூடாது, திட்டு விழும் என்று தயங்காமல் 108ஐ அழைக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டிப் பழக்குங்கள். இதற்கு ஒரு பாடவேளை போதும்.