துணைப் பாதுகாப்பு வருமானம் (அமெரிக்கா)

எஸ்.எஸ்.ஐ. எனப்படும் துணைப் பாதுகாப்பு வருமானம், அமெரிக்காவில் வருமானமும் சொத்தும் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும், பார்வையற்றோருக்கும், 65 வயது நிறைந்தோருக்கும் மாதந்தோறும் தரப்படும் உதவித்தொகை. வேலை பார்த்து முன்பணம் கட்டியிருக்க வேண்டியதில்லை; பொது வரிப்பணத்திலிருந்தே வழங்கப்படுகிறது.

தோற்றம்
1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம், முதியோருக்கும் பார்வையற்றோருக்கும் மாநிலங்கள் நடத்திய உதவித் திட்டங்களுக்கு நிதி அளித்தது. 1950-இல் நிரந்தர ஊனமுற்றோரும் சேர்க்கப்பட்டனர். தொகையும் விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறின. இதற்கு முடிவுகட்டிய சட்டத்திருத்தத்தில் அதிபர் நிக்சன் 1972 அக்டோபர் 30-இல் கையெழுத்திட்டார். 1974 ஜனவரியில் தனிநபருக்கு 140 டாலர் என்று திட்டம் நடைமுறைக்கு வந்தது.

மருத்துவத் தகுதி
குறைபாடு 12 மாதமாவது நீடிப்பதாகவோ மரணத்தில் முடியக்கூடியதாகவோ இருக்க வேண்டும். குறிப்பிடத்தக்க வருவாய் தரும் வேலையைச் செய்ய இயலாமல் ஆக்கியிருக்க வேண்டும். குழந்தைகளைப் பெரியவர்களைவிடக் கடுமையான அளவுகோலால் மதிப்பிடும் முறையை 1990-இல் உச்ச நீதிமன்றம் சல்லிவன் எதிர் ஸெப்லி வழக்கில் நிராகரித்தது. 1996-ஆம் ஆண்டின் சட்டங்கள் அந்த வாசலை மீண்டும் குறுக்கின. குடியுரிமை பெறாத பலரையும், போதைப் பழக்கத்தை மட்டுமே காரணமாகக் காட்டியவர்களையும் விலக்கின.

வருமானக் கணக்கு
எந்த வருமானத்திலும் முதல் 20 டாலரும், கூலியில் மேலும் 65 டாலரும், எஞ்சிய கூலியில் பாதியும் கணக்கில் சேராது. 2024-இல் மாதம் 500 டாலர் கூலி மட்டும் பெற்றவருக்கு 207.50 டாலரே வருமானமாகக் கொள்ளப்பட்டது; அவ்வாண்டின் முழுத்தொகையான 943-இல் அது போக 735.50 டாலர் கிடைத்தது. உறவினர் இலவசமாகப் போடும் சாப்பாட்டையும் வருமானமாகக் கருதித் தொகையைக் குறைத்த விதி 2024 செப்டம்பர் 30-இல் நீங்கியது.

சொத்து வரம்பு
குடியிருக்கும் வீடும் ஒரு வாகனமும் தவிர்த்து, தனிநபருக்கு 1,500 டாலராக இருந்த வரம்பு 1989-இல் 2,000 ஆனது, தம்பதிக்கு 3,000. உதவித்தொகை விலைவாசியோடு ஏறுகிறது. இந்த வரம்பும், மேற்சொன்ன 20, 65 டாலர் விலக்குகளும் அவ்வாறு ஏறுவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் விதி தானாகவே இறுகுகிறது. மருத்துவச் செலவுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்துவைப்பவர், சேர்த்ததாலேயே உதவியை இழக்கிறார். 2014-ஆம் ஆண்டின் ஏபிள் சட்டம், தனிச் சேமிப்புக் கணக்கில் 1,00,000 டாலர் வரை வைத்திருக்க இடமளித்தது. ஆனால் 26 வயதுக்கு முன் ஊனம் நேர்ந்தவருக்கு மட்டும். 2026 முதல் அந்த வயது 46. அதற்குப் பின் ஊனமுற்றவருக்கு இச்சலுகை இல்லை. ஏழைகளைக் காக்கப் பிறந்த திட்டம் அவர்களை ஏழைகளாகவே வைத்திருக்கக் கூடாது என்றால், வரம்பையும் விலைவாசியோடு இணைப்பதே நியாயம்.