டைனமோ, ஆல்டர்னேட்டர், பாட்டு: ராஜபாளையம் சாலைக் குறிப்புகள்

ஒலிபெருக்கியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மைக்கைப் பற்றியும் மேடையைப் பற்றியும்தான் எழுதுகிறார்கள். அதுக்குக் கரண்ட் எங்கிருந்து வந்ததுன்னு அதிகம் கேட்பதில்லை. ஊருக்குள் கட்டிய செட்டுக்கு லைன் கரண்ட் இருந்தது. ஓடுகிற வண்டிக்கு அது கிடையாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இன்று அந்தச் சாலையில் சப்வூஃபர் அதிர ஓடும் கார்களுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கு. அதில் சிக்கல் நெடுக ஒண்ணேதான்: ஸ்பீக்கர் வாங்கிடலாம், கரண்டைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் பாடு.

மைக் கட்டிய காரிலிருந்து தொடங்கலாம். சினிமா விளம்பரம், திருவிழா அறிவிப்பு, தேர்தல் பிரசாரம் எல்லாத்துக்கும் அதுதான். பக்கத்து விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்ற 1967 தேர்தலை, கூரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய கார் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? அந்தக் கார்களுக்குள் இருந்தது டைனமோ. அம்பாசிடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு தலைமுறை பிரிட்டிஷ் வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ கொடுத்தது அதிகபட்சம் 22 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டும் ஏழெட்டு ஆம்பியர் தின்னும், இக்னிஷன் மூணு நாலு. 25, 30 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று சுமார் 100 வாட் இழுக்கும், அதாவது இன்னொரு எட்டு ஆம்பியர். வண்டி வேகமாகப் போனால் கணக்கு எப்படியோ சரியாகும்.

ஆனா மைக் வண்டி எப்போ வேகமாகப் போனது? கூட்டத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தது. அந்த வேகத்தில் டைனமோ பேட்டரியை விடக் குறைந்த வோல்ட்டில் இருக்கும், கட் அவுட் திறந்துகொள்ளும், சார்ஜ் சுத்தமாக நின்றுவிடும். இதைச் சமாளிக்க வழி தனி பேட்டரி. ஆம்ப்ளிஃபையரை வண்டியின் வயரிங்கில் சேர்க்காமல், ராத்திரி முழுக்கக் கடையில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியில் ஓட்டுவது. மைக் செட்காரர்களின் இந்தப் புத்தியை நான் ரொம்ப மதிக்கிறேன். பாட்டு நின்றாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

டைனமோவை ஏன் பெரிசாக்கவில்லை? அதில் மின்சாரம் பிறப்பது சுழலும் ஆர்மேச்சரில். அத்தனை கரண்டும் கம்யூட்டேட்டரையும் கார்பன் பிரஷ்ஷையும் தாண்டித்தான் வெளியே வரணும்; அளவு கூடினால் தீப்பொறி, தேய்மானம். ஆல்டர்னேட்டர் இதைத் தலைகீழாக்கியது. மின்சாரம் அசையாத ஸ்டேட்டரில் பிறக்கும், பிரஷ் வழியாக ரோட்டருக்குப் போவது சில ஆம்பியர் மட்டும். பிறந்த ஏசியை டிசி ஆக்க மலிவான சிலிக்கான் டையோடு தேவைப்பட்டது. அது வந்த பிறகு 1960-ல் அமெரிக்காவில் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. மறு வருஷமே, 1961-ல், சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது. மதுரையை மையமாக வைத்து பஸ் ஓட்டி வளர்ந்த அதே டிவிஎஸ்தான். அவர்களின் பஸ்கள் 1972-ல் அரசுடைமையாகி பாண்டியன் ரோட்வேஸ் ஆயின.

பஸ்ஸில் பாட்டு வந்தது தனிக் கதை. பஸ் மின்சாரம் 24 வோல்ட், இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். அதே வாட்டுக்குப் பாதிக் கரண்ட் போதும் என்பதால் பஸ்ஸுக்கு இது பெரிய வசதி. ஆனால் காருக்குச் செய்த டேப் டெக்குக்கு வேண்டியது 12 வோல்ட். சுலப வழியாக, இரண்டில் ஒரு பேட்டரியில் மட்டும் வயரைச் சொருகினார்கள். ஒன்று குறைந்துகொண்டே போகும், மற்றது ஓவர்சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டையும் தூக்கிப் போடணும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்கியவர் தப்பித்தார்.

காருக்கு வருவோம். 1983 கடைசியில் வந்த மாருதி 800-ல் கேசட் கேட்க ஃபேக்டரி ஆல்டர்னேட்டரே தாராளம். நிலைமையை மாற்றியது பேஸ். 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு, காரில் பாட்டு கேட்பதுன்னா அடி ஓசை நெஞ்சில் படணும் என்ற ஆசை பரவியது. அது என் ஊகம்தான், ஆனாலும் விட மனசில்லை. அடி ஓசைக்குத்தான் வாட் வேணும். 1000 வாட் ஆர்.எம்.எஸ். கொடுக்கும் கிளாஸ் ஏபி ஆம்ப் முழு வீச்சில் 130 ஆம்பியர் வரை இழுக்கும், கிளாஸ் டி என்றால் 90 பக்கம். பாட்டு எப்போதும் முழு வீச்சில் இருக்காது, சராசரி அதில் கால்வாசி, மூணில் ஒரு பங்குதான். இடைக்காலத்தில் விற்ற ஒரு ஃபாரட் கெபாசிட்டர் இதற்குத் தீர்வே இல்லை. 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது அது தருவது 26 ஜூல். 1000 வாட்டுக்கு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு தாங்கும். பளபளப்பான டப்பா, அவ்வளவுதான்.

ஆக, இப்போது பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டுகிறார்கள். மாட்டிவிட்டு, 60 ஆம்பியருக்குப் போட்ட பழைய வயரையே விட்டுவிடும்போதுதான் ஆபத்து தொடங்குது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒன்றரை மீட்டரில் 100 ஆம்பியர் போனால் 0.65 வோல்ட் வயரிலேயே தொலையும். அது 65 வாட் சூடு, ஒரு சால்டரிங் அயர்னுக்குச் சமம், எஞ்சின் பக்கத்திலேயே. 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.1 வோல்ட்தான். மாற்ற வேண்டியது மூணு வயர்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு. எர்த்தை மறந்தால் பிளஸ் எவ்வளவு தடிமனாக இருந்தும் பிரயோஜனமில்லை, கரண்ட் திரும்பி வரணுமே. ஃபியூஸ் பேட்டரி பக்கம், ஒரு முழத்துக்குள். வயர் உரசி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவது பேட்டரிதான். செம்பு பூசிய அலுமினிய வயர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சுரண்டிப் பார்த்து வாங்கணும். தீப்பிடித்த காரில் சொல்லாமல் செய்த மாற்றம் தெரிந்தால், இன்சூரன்ஸ் பணத்தை மறுக்கவும் அது இடம் கொடுக்கும்.

பழைய மைக் வண்டியின் பிரச்சினையும் போய்விடவில்லை. 150 ஆம்பியர் என்று பெட்டியில் எழுதியது வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. சிக்னலில், தேர்க் கூட்டத்தில் ஐடிலில் நிற்கும்போது பாதியோ அதற்கும் குறைவோதான் வரும். 100 ஆம்பியர் எடுக்க எஞ்சினிடமிருந்து மூணுக்கு மேல் குதிரைத்திறன் பெல்ட் வழியாகப் போகணும். மாருதி 800-ன் மொத்த பலமே 37 குதிரைத்திறன் என்றால் ஏசி போட்டதுமே தெரிந்துவிடும். பெல்ட் வழுக்கிக் கத்துவதும் அதனால்தான்.

ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் இன்னொரு சங்கதி. பலவற்றில் எவ்வளவு சார்ஜ் போகணும்னு கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. அதுக்காக பேட்டரி மைனஸ் முனையில் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். புது எர்த் வயரை நேராக முனையில் கட்டினால் அந்தக் கரண்ட் சென்சாரைத் தாண்டாமல் போய்விடும், கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போட்டு பேட்டரியைப் பட்டினி போடும். ஆம்ப்பின் எர்த்தை சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடியில், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முடுக்கணும்.